செம்மேட்டுப்புதூரில் பசி ஆள் மாறியது

பங்குனி மாதத்து மூன்றாவது வெள்ளிக்கிழமை, காலை ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில், செம்மேட்டுப்புதூரில் எல்லோருடைய பசியும் ஆள் மாறிப்போனது. ஆறு தோசை தின்ற தபால்காரர் ஏழாவது தோசைக்கும் வயிறு அடங்காமல் எழுந்து கை கழுவினார். அதே நேரத்தில் மூன்று தெரு தள்ளி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத பூக்காரக் கிழவி ஒருத்தி வயிறு நிறைந்து ஏப்பம் விட்டாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் பசிக்கிறது என்று அழுதார்கள், லாரிப் பட்டறையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே பெயிண்டர்கள் போதும் போதும் என்று மூடிவைத்தார்கள், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. நம் வயிற்றில் இருப்பது வேறொருவர் பசி, அவர் சாப்பிட்டால்தான் அது அடங்கும். நம் பசி வேறெங்கோ ஒரு வயிற்றில் இருக்கிறது, நாம் சாப்பிட்டால் அடங்குவது அந்த வயிறு.

ஏன் இப்படி ஆனது என்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை. லாரிக்குக் கூண்டு கட்டுகிறவர்களும் முட்டைப் பண்ணைக்குப் போகிறவர்களும் நிறைந்த ஊர் அது, வேலை கிடந்தது. யாருடையது என்பதைத்தான் கேட்டார்கள். பஞ்சாயத்து மைக்கில், தன் வயிற்றில் இருக்கும் பசி யாருடையது என்று தெரியாதவர்கள் ரேஷன் கடை வராந்தாவில் வந்து பெயர் கொடுக்கும்படி அறிவித்தார்கள். அங்கே ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்பார், சுற்றி நிற்கிற முப்பது பேரும் வயிற்றில் கைவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், யாராவது ஒருவர் மெல்லக் கையை உயர்த்துவார், இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, சம்பந்தி வீட்டார்போலக் கொஞ்சம் கூச்சத்துடன் கும்பிட்டுக்கொள்வார்கள்.

அதன்பிறகு ஊர் நடைமுறை தானாக அமைந்தது. சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமையே தங்கள் பசியைச் சுமப்பவரிடம் போய்ச் சம்மதம் கேட்டார்கள். உடம்பு இளைக்கவேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விட்டிருந்த செல்போன் கடைக்காரன் வீட்டு வாசலில், தையல்கடை கமலவேணி கையில் கத்தரிக்கோலுடன் வந்து நின்று, “தம்பி, நீ இட்லி தின்னாத்தான் எனக்குத் துணி வெட்ட முடியுது, எந்திரி” என்றாள். மேற்குத் தெருவில் ஒரு மாமியாருக்கு மருமகளின் பசி வந்து சேர்ந்திருந்தது. பதினோரு வருஷமாக எல்லோரும் சாப்பிட்டு ஏனம் கழுவிய பிறகு மூன்று மணிக்குத் தட்டெடுக்கிற மருமகள் அவள்; முதல் நாள் ஒரு மணிக்கே மாமியாருக்குக் கண் இருட்டியது, இரண்டாம் நாள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து அழுதாள், மூன்றாம் நாளிலிருந்து பன்னிரண்டரைக்கு மருமகளுக்குத் தானே பரிமாறினாள். ஒரு விவசாயிக்குத் தன் எருமையின் பசி வந்தது. எருமையிடம் யாருடைய பசி போனது என்பது கடைசிவரை தெரியவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் காலைச் சாப்பாட்டை முடிக்கும்வரை அது கத்திக்கொண்டே இருக்கும் என்று மட்டும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

சித்திரை பிறக்கும்போது ஊரில் ஏறக்குறைய எல்லாப் பசிக்கும் ஆள் கிடைத்துவிட்டது. கிடைக்காதவர்களில் ஒருவர் சென்னியப்பன்.

பைபாஸ் ரோட்டில் லாரிக்காரர்களுக்கு மெஸ் நடத்தியவர் அவர். ஐம்பத்திரண்டு வயது, நல்ல கனத்த உடம்பு. சமைக்கிறவன் சாப்பிட்டுக் காட்டவேண்டும், அப்போதுதான் வருகிறவனுக்கு நம்பிக்கை வரும் என்பது அவர் கட்சி, அதனால் அடுப்புப் பற்றவைத்த நேரத்திலிருந்து மதியப் பந்தி முடியும்வரை ருசி பார்ப்பது என்ற பெயரில் ஒரு குடும்பத்துக்கான சாப்பாடு அவர் வாய்வழியே போகும். பசி மாறிய பிறகும் பழக்கத்தில் அப்படியே சாப்பிட்டார். ஆனால் அவர் வயிற்றுக்கு வந்திருந்த பசி வேறு மாதிரி இருந்தது. அது வயிற்றைக் கிள்ளவில்லை. முழங்காலில் இருந்தது, கண்ணுக்குப் பின்னால் இருந்தது, விரல் நுனியில் சில்லென்று இருந்தது. அடுப்படியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கிவந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது, உட்கார்ந்து எழுந்தால் சுவர் சாய்ந்தது. எல்லாவற்றையும்விட அவரை வெட்கப்படவைத்தது ஒன்று உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு, சோறு, குழம்பு, கறி எதன்மேலும் நாட்டம் இல்லாமல், தண்ணீர் தெளித்த செங்கல்லின் வாசத்துக்கு நாக்கு ஏங்கியது.

ஒருநாள் அவர் மனைவி தெய்வாத்தாள், வாசலில் அன்றைய குழம்பை எழுதும் கரும்பலகைக்கு முன்னால் நின்று தேடிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, சாக்பீஸ் ஒரு டப்பா வாங்கி வெச்சேன், ஒண்ணையும் காணோம்.”

சென்னியப்பன் கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்துவிட்டு, “தின்னுட்டேன்” என்றார்.

தெய்வாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பசி மாறிப்போன ஊரில் ஒரு மனுஷன் சாக்பீஸ் தின்பது பெரிய சங்கதியாக அவளுக்குப் படவில்லை. “அத்தனையுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“நாலு மிச்சம் இருந்துச்சு. அதைக் காலையில.”

அந்த வாரமே கிராம சுகாதார நர்ஸ் ஜெசிந்தா மெஸ்ஸுக்கு வந்தார். பதினான்கு வருஷமாக ஸ்கூட்டியில் அந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் சுற்றி, எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாசம், எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி என்று மனப்பாடமாக வைத்திருந்தவர். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“அண்ணா, நீங்க இப்ப ஒரு லட்டு திங்கிறீங்களா?”

சென்னியப்பன் ஏன் என்று கேட்காமல் இரண்டு தின்றார். ஜெசிந்தா வயிற்றில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“நீங்கதான். ஒரு மாசமா தேடுறேன். எட்டு மணிக்குப் பசிக்கும், அடங்கும், ஒம்பதுக்குப் பசிக்கும், பத்துக்குப் பசிக்கும், தொண்டை வறண்டு வறண்டு வரும். முதல்ல எனக்குத்தான் சர்க்கரைன்னு பயந்து டெஸ்ட் பண்ணினேன், சுத்தமா இல்ல. அப்புறந்தான் யோசிச்சேன், இது என்னோட பசியே இல்லையே. கையைக் குடுங்க.”

விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்துக்கு அந்தச் சின்ன மெஷின் முன்னூற்று நாற்பது என்று காட்டியது. இத்தனை வருஷமாக அந்தப் பசியைத் தன் பலம் என்று நினைத்திருந்த சென்னியப்பன், நல்ல கட்டை உடம்பு, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், மெஷினை வாங்கித் தள்ளிப் பிடித்து எண்ணை மறுபடி படித்தார்.

“பயப்பட ஒண்ணுமில்லை, மாத்திரை தர்றாங்க, வாயைக் கட்டினா அடங்கும்” என்றார் ஜெசிந்தா. “உங்ககிட்ட இருக்கிறது யாரோடது?”

அவர் சொன்னார். முழங்கால், கண், சில்லென்ற விரல், குடம் தூக்கினால் அடித்துக்கொள்ளும் நெஞ்சு. செங்கல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஜெசிந்தா ஹெல்மெட்டைத் தூரத் தள்ளிவைத்துவிட்டு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணா, இது ஆம்பளைப் பசி இல்ல. ரத்தம் வத்திப்போன பொம்பளையோடது. அனேகமா வயித்துல பிள்ளை இருக்கு. ரத்த அளவு ஆறு கிராமுக்குக் கீழ இருக்கும்னு நெனைக்கிறேன். ரத்தத்துல இரும்பு இல்லாமப்போனா சில பேருக்கு இப்படித்தான், மண்ணு, செங்கல், சாக்பீஸ்னு நாக்கு போகும். இப்படியே விட்டா பிரசவத்துல தாங்காது.”

ஜெசிந்தாவின் நோட்டில் முப்பத்தோரு கர்ப்பிணிகள் இருந்தார்கள். மறுநாள் காலை முதல் அவர் ஒவ்வொரு வீடாகப் போய் அந்தப் பெண்ணை ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சாப்பிடவைத்துவிட்டுப் போன் செய்வார், சென்னியப்பன் மெஸ்ஸில் கல்லாப் பக்கத்து ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து வயிற்றைக் கவனித்து, “இல்லீங்க” என்பார். மூன்று நாளில் முப்பத்தோரு முறை இல்லீங்க என்று சொன்னார். நோட்டில் இல்லாத பெண் என்றால் யாருக்கும் தெரியாத பெண்.

அந்த மூன்று நாளும் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. முப்பது வருஷமாகப் பிறத்தியார் வயிற்றுக்குச் சமைத்தவர் அவர். எதைத் தின்றால் பசி எப்படி இறங்கும், எவ்வளவு நேரம் இறங்கியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். தினமும் காலை பதினொன்றேகாலுக்கு அந்தப் பசி சட்டென்று தணிந்தது, சூடாக ஒரு தித்திப்பு போனதுபோல, பிறகு அரைமணி நேரத்தில் முன்பைவிட மோசமாக ஏறியது. மதியம் முழுக்க ஒன்றும் இல்லை. பொழுது சாய்ந்த பிறகு கனமாக ஏதோ விழுந்து அமுக்கியது, அதில் சத்தின் சுவடே இல்லை.

“டீயும் பன்னும்” என்றார் தெய்வாத்தாளிடம். “ராத்திரிக்கு வெறுஞ்சோறு, ரசம். பதினொண்ணேகாலுக்கு யாரு டீக்கு விடறாங்க?”

“கரட்டு மேல இருக்கிற முட்டைப் பண்ணையில” என்றாள் தெய்வாத்தாள். “அங்கதான் சங்கு ஊதறது எனக்கு இங்க வரைக்கும் கேக்குமே.”

தெய்வாத்தாள் அடுக்குத் தூக்கில் முருங்கைக்கீரைப் பொரியல், கேழ்வரகுக் களி, தட்டைப்பயறுக் குழம்பு என்று கட்டிக்கொடுக்க, அவர் மொபெட்டில் அந்தக் கரட்டுக் குன்றில் ஏறினார். பாதி வழியில் தலை சுற்றி வண்டியை நிறுத்தி வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு ஏறினார். பண்ணையில் பெண்கள் வரிசையாக நின்று முட்டைகளைப் பெரிது சிறிது பார்த்து அட்டைகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனவருக்கு, கொட்டகையின் கோடியை நெருங்கும்போது வாயில் எச்சில் ஊறியது. கொட்டகைக்குப் பின்னால், கட்டடத்துக்கென்று இறக்கியிருந்த செங்கல் குவியலின் நிழலில், இருபத்தொரு இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு பெண் முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு செங்கல் துண்டு.

“அம்மிணி” என்றார் சென்னியப்பன். “அதைக் கீழ போடு கண்ணு. எனக்கு வாயூறுது.”

அவள் திடுக்கிட்டுக் கையைப் பின்னால் மறைத்தாள். அவர் தூக்கை அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு, நிற்க முடியாமல் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவர் சொன்னதைக் கேட்டு முடித்த பிறகு அந்தப் பெண் செங்கல் துண்டைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கைத் திறந்தாள். பிறகு ஒரு கவளம் களியை எடுத்துக் குழம்பில் தொட்டு வாயில் வைத்தாள், இன்னொன்று வைத்தாள், எதிரில் உட்கார்ந்திருந்த அந்தக் கனத்த மனிதரின் முழங்கால் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நிற்பதைப் பார்த்தாள், அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அவள் பெயர் துளசிமணி. கொல்லிமலை அடிவாரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவன் கதிரேசன் ஒரிசா லைனில் லாரி ஓட்டுகிறான், இருபது நாளுக்கு ஒருமுறை வருவான். அவளுக்கு ஐந்தாம் மாசம்.

“நர்ஸம்மாகிட்ட ஏன் அம்மிணி பதியல?”

“போன தடவை ஊருக்கெல்லாம் சொன்னேனுங்க. நாலாம் மாசம் நிக்கல. இந்தத் தடவை யாருக்கும் சொல்லாம இருந்தா நின்னுக்கும்னு நெனச்சேன்.” அவள் கீரையைக் கிளறினாள். “அவருகிட்டகூடச் சொல்லலீங்க.”

“சரி. பசிக்கலையா உனக்கு? இத்தனை முட்டை இருக்குது.”

“உடைஞ்ச முட்டையெல்லாம் எடுத்துக்கச் சொல்லுவாங்க. கிட்டக் கொண்டுபோனாலே அந்த வீச்சம் எனக்கு ஆகறதில்லைங்க. பசி…” அவள் யோசித்தாள். “எனக்கு வந்தது ஏதோ கைக்குழந்தையோடதுங்க. ரெண்டு மணி நேரத்துக்கொருக்க வரும், அது பால் குடிச்சதும் பத்து நிமிசத்துல அடங்கிப்போயிரும். நல்லா இருந்துச்சு, எனக்கும் பிள்ளை வந்தாப்பல. என்ற பசி எங்க போச்சுன்னு தெரியிலீங்க. வேளையே தெரியாமப் போச்சு. எல்லாரும் டீக்குப் போனா நானும் போவேன்.”

ஜெசிந்தா வந்து அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது உள்பக்கம் வெளுத்த துணிபோல இருந்தது. ரத்தம் ஐந்து புள்ளி ஒன்பது. அன்று மதியமே டவுன் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சென்னியப்பன் ரத்தம் கொடுக்கிறேன் என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதலில் நின்றார், அவருடைய சர்க்கரைக்கு எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், மெஸ்ஸுக்குப் போன் போனது, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜஸ்தான் லாரிக்காரர் ஒருவர் எச்சில் கையைக் கழுவிக்கொண்டு டவுனுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பாட்டில் இறங்கி முடிந்த சாயங்காலம், மெஸ்ஸில் சென்னியப்பன் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தார், தெய்வாத்தாளைக் கூப்பிட்டு அவள் எதிரில் மூன்றாவது முறையும் தூக்கிக்காட்டினார்.

பத்து நாள் கழித்துத் துளசிமணியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றுமுதல் அவளுக்கு வேளைக்கு வேளை சாப்பாடு மெஸ்ஸிலிருந்து போனது. ஜெசிந்தா சொல்லியிருந்தார்: இரும்பு மாத்திரை ஒருநாளும் விடக்கூடாது, கீரை, பயறு, கேழ்வரகு, வாரம் ரெண்டு தடவை கறி, கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சம்பழமோ, அப்போதுதான் தின்ற இரும்பு உடம்பில் ஒட்டும், சாப்பிட்டு ஒருமணி நேரத்துக்கு டீ வாயில் படக்கூடாது, டீ இரும்பை ஒட்டவிடாது. தெய்வாத்தாள் முட்டையைப் பொடிமாசாக்கி மிளகும் வெங்காயமும் தூக்கலாகப் போட்டு வீச்சம் தெரியாமல் உள்ளே அனுப்பினாள். மாத்திரை குமட்டுகிறது என்று துளசிமணி ஒருநாள் விட்டபோது சென்னியப்பனுக்கு அது அப்போதே தெரிந்திருக்கும் என்று பயந்தாள். உண்மையில் அவருக்கு அது தெரியாது, ஆனாலும் தெரிந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார். மாசம் ஒன்று போனதும் செங்கல் ஆசை தேய்ந்து தேய்ந்து போனது, அதன் இடத்தில் புளிச்சோறும் மீன்குழம்பும் வந்தன, சென்னியப்பன் அந்த ஆசைகளை ஒவ்வொன்றாக வரவேற்றுச் சமைத்தனுப்பினார். கதிரேசன் ஒரிசாவிலிருந்து வந்தவன், தன் வீட்டில் ஒரு மெஸ்காரர் தன் மனைவிக்குப் பரிமாறிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றான். விஷயம் தெரிந்ததும் அவன் முதலில் கேட்டது, “அண்ணா, இன்னிக்கு அவளுக்கு நல்லாப் பசிக்குதுங்களா?” என்பதுதான்.

அதே ஒழுங்கு சென்னியப்பனுக்கும் வந்து சேர்ந்தது, அவரைக் கேட்காமலே. சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் காயும் பயறும், ருசி பார்ப்பது ஸ்பூன் நுனியால் மட்டும், காலையும் மாலையும் பைபாஸ் ஓரமாக நாற்பது நிமிஷம் நடை. திருட்டுத்தனம் செய்ய வழியே இல்லை. மைசூர்பாகு எதையாவது வாயில் போட்ட நாளில், வெகு தூரத்து ஊரில் யாருக்கோ தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கும் ஜெசிந்தாவுக்குத் தொண்டை வறளும், உடனே போன் வரும்.

“எத்தனை துண்டு அண்ணா?”

“ஒண்ணேஒண்ணு.”

“என் தொண்டை மூணுன்னு சொல்லுது.”

ஆனியில் அவர் சர்க்கரை நூற்று அறுபதுக்கு இறங்கியது. அன்று ஜெசிந்தா காலையில் ஒருமுறையும் மதியம் ஒருமுறையும் மட்டும் பசித்து, ஒரு முழு நாள் சொம்பைத் தேடாமல் வேலை பார்த்ததாகச் சொன்னார்.

ஆடிப் பதினெட்டு அன்று, ஊர் முழுக்கக் காவிரிக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்புகிற வழியில், பசிகள் அவரவர் வயிற்றுக்குத் திரும்பிவிட்டன. வந்ததுபோலவே சத்தமில்லாமல் போயின. கட்டுச்சோற்று மூட்டையைப் பிரித்துத் தின்ற ஜனங்கள் தங்கள் கவளத்துக்குத் தங்கள் வயிறே நிறைவதைக் கண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷம்தான், ஆனால் ஒரு மாதிரி வெறிச்சென்றும் இருந்தது. மேற்குத் தெரு மாமியார் மறுநாள் பன்னிரண்டரைக்குத் தட்டை எடுத்துவைத்துவிட்டு, “அவளுக்கு இப்பப் பசிக்குதா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?” என்று பக்கத்து வீட்டில் கேட்டாள். “வாயைத் திறந்து கேளுங்க” என்றார்கள். அவள் கேட்டாள். ஊரே கேட்கத் தொடங்கியது. கமலவேணி செல்போன் கடை வாசலில் நின்று கேட்டாள், தபால்காரர் கடிதம் கொடுக்குமுன் கேட்டார்.

சென்னியப்பனுக்குத்தான் நிலைகொள்ளவில்லை. மூன்று மாசமாகத் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தால் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, இப்போது முழங்காலில் அவருடைய ஐம்பத்திரண்டு வயதைத் தவிர ஒன்றும் இல்லை. நாளுக்கு ஆறு தடவை மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், “சாப்புட்டியா அம்மிணி? தலை சுத்துதா? ஆசை எதாச்சும் இருக்குதா?” என்று கேட்டார். அவள் நல்லா இருக்கேனுங்க என்றால் நம்பாமல் தெய்வாத்தாளை அனுப்பினார். தெய்வாத்தாள் சொன்னதையும் நம்பாமல் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தார். போன தடவை ரத்தம் ஒன்பதரை வந்திருக்கிறது, பிள்ளை நன்றாகத் துடிக்கிறது என்று ஜெசிந்தா எத்தனை முறை சொன்னாலும், ஐந்து புள்ளி ஒன்பது என்று கேட்ட காது அவருடையது, அது சீக்கிரம் சமாதானமாகவில்லை.

ஆவணி கடைசியில் ஒரு காலை, வலி எடுத்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கதிரேசன் கூட இருந்தான், தெய்வாத்தாளும் போனாள், சென்னியப்பன் பந்தியை விட்டுவர முடியாமல் மெஸ்ஸில் தங்கினார். அன்று அவர் சாம்பாரில் உப்புப் போட்டாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை, சாப்பிட்ட லாரிக்காரர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் சாப்பிட்டுப் போனார்கள். பத்தே முக்காலுக்கு ஜெசிந்தா போன் செய்தார்.

“பொண்ணுங்கண்ணா. ரெண்டே முக்கால் கிலோ. ரத்தம் அதிகமாப் போகல, பத்தரையில நிக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

சென்னியப்பன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். “பேசறாளா?”

“பேசறாளா? பசிக்குதுன்னு வார்டையே ரெண்டாக்குறா. எதாச்சும் கொண்டாங்க.”

டாக்டர் என்னென்ன கொடுக்கலாம் என்றாரோ அதையெல்லாம் கட்டி, கிடைத்த பஸ்ஸில் ஏறி அவர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. துளசிமணி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உதட்டில் நிறம் இருந்தது. பிள்ளை கதிரேசனின் கையில் தூங்கியது. அவள் ஐந்து இட்லி சாப்பிட்டாள், பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு சாப்பிட்டாள், கீரையை விரலால் வழித்துச் சாப்பிட்டாள், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் சாப்பிடச் சாப்பிட அவர் வயிற்றில் ஒன்றும் நிகழவில்லை, எந்த அடையாளமும் வரவில்லை, ஆனாலும் இந்த முறை அவர் நம்பினார். பல வாரங்களாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த தோள்கள் தானாகத் தாழ்ந்தன.

கடைசிக் கிண்ணத்தையும் வழித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். “அண்ணா, இன்னும் இருக்குங்களா?”

“இருக்குது அம்மிணி” என்று பொய் சொல்லிவிட்டு அவர் எழுந்து வெளியே போனார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சின்ன மெஸ் இருந்தது. முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் இன்னொருவர் மெஸ்ஸில், பார்சலுக்கு நிற்கிறவர்களுக்கு நடுவில் தானும் ஒருவராக நின்றார். வெயில் நன்றாக ஏறியிருந்தது, ஆனாலும் அவருக்கு அவசரமாக இல்லை. முறை வந்ததும் தோசைக்கல் முன்னால் நின்றவர் நிமிர்ந்து பார்க்காமல், “யாருக்குங்க, பேஷண்டுக்கா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றார் சென்னியப்பன். “எங்க வீட்டுப் பொண்ணுக்கு. காலையில பிள்ளை பெத்துட்டா, இன்னும் பசிக்குதுங்கறா. சட்னி கொஞ்சம் சேத்திக் கட்டுங்க.”